பறக்காத தாய்மாமன்

ஜனவரி 4, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

புவியியல் துறைத் தலைவர் பதவி என்னைத் தாண்டிப் போனபோது பேசவில்லை. ஆறுகளைப் பற்றி லண்டனில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஆறு என்பது புவியியலா, தமிழா? எங்கள் கல்லூரிச் செயலர் தமிழ் என்று முடிவுசெய்து, தமிழ்த்துறை வேலாயுதத்தை விமானம் ஏற்றி அனுப்பினார். அப்போதும் பேசவில்லை. டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்று, இருபத்தாறு வருடப் பாடக்குறிப்புகளைக் கூழாக்கிவிட்டுப் போனது. டெல்லியிலிருந்து என் தங்கை கணவர் சிதம்பரநாதன் தொலைபேசியில், "இன்ஷூரன்ஸ் கெடயாதா மச்சான்?" என்று கேட்டார். அப்போதுகூடப் பேசவில்லை.

இன்று எழுதத் தொடங்குகிறேன். பேசுவதைவிட இது பாதுகாப்பு.

விஷயம் இதுதான். என் ஒரே தங்கை உலகம்மாளின் ஒரே மகள் தர்ஷினிக்குப் பிப்ரவரி எட்டாம் தேதி டெல்லியில் கல்யாணம். நான் தாய்மாமன். பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போக வேண்டியவன். எங்களில் கல்யாணப் பத்திரிகை முதலில் சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. தட்டு வைத்து, வீட்டுக்கு வந்து, புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று அழைக்க வேண்டும். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் இருந்தால் மீறலாம்.

வெள்ளிக்கிழமை உலகம்மாளும் சிதம்பரநாதனும் காலை விமானத்தில் தூத்துக்குடியில் இறங்கினார்கள். வாடகைக் காரில் எங்கள் ஊருக்கு வந்து டவுன், பேட்டை, தச்சநல்லூர் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் போனார்கள். என் மனைவி ஆவுடை காலையிலேயே பட்டு உடுத்தி, கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தாள். சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து உலகு கூப்பிட்டாள். "அண்ணே, நேரமாயிட்டுண்ணே. நீ நம்ம ஆளுதான, கோவிச்சுக்கிடாத."

பிறகு வாட்ஸ்அப்பில் பத்திரிகையின் படம் வந்தது. அதன் கீழே எனக்கும் ஆவுடைக்கும் இரண்டு விமான டிக்கெட். அதன் கீழே சிதம்பரநாதனின் கட்டைவிரல்.

கேசரியை நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஜனவரி 5

உலகு கூப்பிட்டாள். "டிக்கெட்டு வந்துச்சாண்ணே?"

"வந்தது. ஆனால் நான் விமானத்தில் ஏறுவதாக இல்லை" என்றேன். ஏன் என்று கேட்டாள். தட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. நான் படித்தவன். தட்டுக்காகக் கோபித்துக்கொள்பவன் இல்லை. எனவே காலநிலை நெருக்கடி என்றேன். விமானப் புகை, உருகும் பனி, உயரும் கடல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"நீ ஏறலன்னா அந்த பிளேனு நின்னுருமா?"

"எல்லாரும் இப்படியே கேட்டா எப்படி நிக்கும்?"

"அப்பம் நீ வரமாட்டியா?"

"விமானத்துல வரமாட்டேன்."

போனை வைத்துவிட்டாள். ஆவுடை கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, தட்டு வச்சி அழைக்கலன்னு வருத்தம்னு சொல்லிர வேண்டியதுதான? கடல எதுக்கு இழுக்கிய?" என்றாள். அவள் ஆய்வது கீரை மட்டும் அல்ல.

ஜனவரி 6

என் டிக்கெட்டில் 14F என்று போட்டிருக்கிறது. சும்மா பார்த்தேன். ஜன்னல் ஓரமாம்.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு கொள்கையைச் சொல்லிவிட்டால் அதற்கு ஆள்பலம் வேண்டும். பாளையங்கோட்டை நூலகத்தில் 'மண்வழி மன்றம்' என்று ஒன்று இருப்பது கேள்விப்பட்டுப் போனேன். விமானப் பயணத்தைக் குறைக்கச் சொல்லி இயக்கம் நடத்துகிறார்கள். நடத்துபவர் ஜெபக்கனி. பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. குரலிலேயே ஒரு சாக்பீஸ் இருக்கும்.

விமான நிலையத்து வாசலில் கோஷம் போடுவார்கள் என்று நினைத்துப் போனேன். அப்படி எதுவும் இல்லை. கதை சொல்கிறார்கள்.

"நம்ம ஊர்ல பறக்கவங்க கொஞ்சம் பேருதான்" என்றார் ஜெபக்கனி. "ஆனா பறக்கவங்களோட சொந்தக்காரங்க நெறைய பேரு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு. குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவுல உங்க குரல்ல ஒரு கதை போகட்டும். புத்தி சொன்னா தள்ளிவிட்டுருவாங்க. அத்தை கதை சொன்னா கேப்பாங்க."

பிறகு, வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் கைதூக்குங்கள் என்றார். அறை முழுக்கக் கை. விமானத்தில் ஏறியவர்கள் கைதூக்குங்கள் என்றார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தூக்கினார். முதல் வரிசையிலிருந்து இன்னொரு கை எழுந்தது. பார்த்தால் வேலாயுதம். எனக்கு அந்த நேரத்தில் தலை அரித்தது. கையைக் கொண்டுபோய்ச் சொறிந்தேன். தூக்கியது போலவும் தெரிந்திருக்கலாம்.

"இதுதான் கதை" என்றார் ஜெபக்கனி. "பொகை விட்டது ஒருத்தர், நனைஞ்சது வேற ஒருத்தர். மத்த கதையெல்லாம் இதுக்கு உதாரணம்."

இதை விளக்க நான் வகுப்பில் மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

முடிவில் எல்லோரும் எழுந்து நின்று, இனி அவசியமின்றிப் பறப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தோம். அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எதை விடுகிறோம் என்று தெரியாமலே விட்டார்கள். தெரிந்து விடுகிறவனைப் போல நானும் உரக்கச் சொன்னேன்.

வேலாயுதம் கதை சொன்னார். லண்டனுக்குப் போன கதை. ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்து மகிழ்ந்ததையும், திரும்பி வந்து சொந்த ஊரில் தண்ணீரில் மிதந்த தொட்டிலைப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லி, பெண்களை அழவைத்தார். பறந்தபோதும் அவருக்குத்தான் மாலை. பறந்ததற்கு வருந்தினாலும் அவருக்குத்தான் கைதட்டல்.

வெளியே வரும்போது, "என்ன வே, நீரும் வந்துட்டீரா! இங்க வரைபடம்லாம் கெடயாது பாத்துக்கிடும்" என்றார்.

ஜனவரி 13

முதலாண்டு மாணவர்களுக்கு மேக வகைகள் நடத்தினேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, "மேல இருந்து பாத்தா எப்டி சார் இருக்கும்?" என்று கேட்டாள். புத்தகத்தில் படம் இருக்கிறது, பார்த்துக்கொள் என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். உலகு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆவுடை இரண்டு தடவை அவளோடு பேசியிருக்கிறாள் என்பது குக்கர் கருகிய வாசனையில் தெரிந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று நான் கதை சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். பின்னால் யாராவது திரித்துச் சொல்லலாம்.

கடல் மட்டத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாவது வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து அவர் மனைவியும் விட்டார். உடனே என் சொந்த விஷயத்துக்கு மாறினேன். ஒரு தாய்மாமனுக்கு எப்படி அழைப்பு வைக்க வேண்டும் என்று சொன்னேன். தட்டில் வெற்றிலை எப்படி அடுக்க வேண்டும், பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் எப்படித் தடவியிருக்க வேண்டும், தேங்காயின் குடுமி யார் பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். தங்கை புருஷன் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியதில்லை, அதெல்லாம் பழைய காலம், ஆனால் "மச்சான், நீங்க வந்து நின்னாத்தான் கல்யாணம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நூலகத்தில் தூசி அதிகம்.

"அந்தத் தட்டுக்குப் பதிலாக எனக்கு ஒரு விமானச் சீட்டு வந்தது. நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால், கடல் உயர்கிறது."

கைதட்டல் ஓயவில்லை. வேலாயுதத்துக்குக்கூட இவ்வளவு நேரம் தட்டவில்லை. அப்போது ஜெபக்கனி எழுந்தார்.

"பாத்தீங்களா? சார் தாய்மாமன் உரிமைய விட்டுக்கொடுக்கல. விமானத்த மட்டுந்தான் விட்டுருக்காங்க. ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து, மருமக கையப் பிடிக்கப் போறாங்க. இதுதான் நாம கேக்கிறது. எப்ப சார் கெளம்புறீங்க?"

நான் போவதாகவே சொல்லவில்லை. என் கதையில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. கதை முடிந்த இடத்தில் நான் வீட்டில் இருக்கிறேன், அவர்கள் வருந்துகிறார்கள். அதை விளக்க வாயெடுப்பதற்குள் எல்லோரும் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாலாந்தேதி கெளம்புனாத்தான் வே சரியா இருக்கும்" என்றார் வேலாயுதம். "முகூர்த்த நேரம், டிக்கெட்டு கெடைக்காது. எம் மருமவன் ரயில்வேலதான இருக்கான். நான் போட்டுத் தாரேன்."

"உங்களுக்கு எதற்குச் சிரமம்?"

"சிரமம் என்ன வே சிரமம். பூமிக்காகத்தான?"

படி இறங்கும்போது ஜெபக்கனி தனியாக அழைத்து, "நல்லா இருந்துச்சு சார். ஆனா தட்டு ஜாஸ்தி, கடல் கம்மி. அடுத்த தடவை சரிபண்ணிக்கலாம்" என்றார்.

ஜனவரி 19

ஆவுடை பெட்டியை எடுத்துத் துடைக்கிறாள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"ஊரே கைதட்டி அனுப்புது. இனிமே போவாம இருந்தா, பொகையுமில்ல கொள்கையுமில்ல, வெறும் வீம்புன்னு வேலாயுதம் சாரே சொல்லுவாரு."

"கோவம் இன்னும் போகல எனக்கு."

"கோவத்தோடயே வாங்க. பெட்டில ஒரு ஓரமா வச்சிக்கிடுவோம்."

ஜனவரி 20

ஜெபக்கனி என் கதையின் ஒலிப்பதிவை அனுப்பி, எங்கள் குடும்பக் குழுவில் போடச் சொன்னார். யோசிக்க வேண்டும் என்றேன். ஆவுடை கண்ணாடியைத் தேடுவது போல என் கைப்பேசியை எடுத்தாள். திருப்பி வைத்தபோது ஒலிப்பதிவு குழுவுக்குப் போயிருந்தது.

'சொந்தங்கள்' குழுவில் இதுவரை வந்தவை: சித்தி, மூன்று கும்பிடு. பேட்டை அத்தை, "தேங்காய் குடுமி சரியாச் சொன்னாய்." பெங்களூரில் இருக்கும் சித்தி மகன், மாதம் இருமுறை பறப்பவன், "ரயில்ல வரலாம்ணே, லீவு யார் குடுப்பா?" என்று கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி. மன்றத்தில் இதற்குப் பதில் இல்லை. சிதம்பரநாதன், கட்டைவிரல்.

உலகு கேட்டுவிட்டாள் என்று கைப்பேசி காட்டுகிறது. பதில் இல்லை.

ஜனவரி 24

உலகிடமிருந்து ஒன்றும் இல்லை. காலநிலைச் செய்திகளுக்காக அடிக்கடி கைப்பேசியைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஜனவரி 28

வேலாயுதம் ரயில் டிக்கெட்டைக் கொண்டுவந்து துறை அறையில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார். கீழ்ப் படுக்கை. நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

வீட்டுக்கு வந்து விமான டிக்கெட் இரண்டையும் ரத்து செய்தேன். பொத்தானை அழுத்தினால், உறுதியாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். பயணத் தேதியை மாற்றிக்கொள்ளலாமே என்றது. வேண்டாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. சொந்தக்காரர்கள்கூட என்னை இவ்வளவு வற்புறுத்தவில்லை.

14F இனி யாருக்கோ.

பிப்ரவரி 4, புதன்

ரயில் நிலையத்துக்கு மன்றமே வந்திருந்தது. பதாகை பிடித்திருந்தார்கள். 'பறக்காமல் போகிறார் எங்கள் பேராசிரியர்' என்று எழுதி என் படம் போட்டிருந்தது. பக்கத்தில் 'வழியனுப்புபவர்: முனைவர் வேலாயுதம்' என்று அதைவிடக் கொஞ்சம் பெரிய படம். ஒருவர் எனக்குச் சால்வை போட்டார். போர்வையாகப் பயன்படும்.

ஜெபக்கனி ஜன்னல் வழியே குனிந்து, "ரயில்ல பக்கத்துல இருக்கவங்ககிட்டயும் கதையச் சொல்லுங்க சார்" என்றார்.

வண்டி நகரும்போது வேலாயுதம் கூடவே நடந்து வந்து, "ஓய், இறங்கி ஏறும்போது பாத்து" என்றார். இதில் என்ன உள்நோக்கம் என்று மதுரை வரை யோசித்தேன். பிடிபடவில்லை.

பிப்ரவரி 5

எதிர்ப் படுக்கையில் கயத்தாறுக்காரர் சுடலைமுத்து. நாக்பூரில் முறுக்குக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கதையைச் சொன்னேன். கடல் மட்டத்தில் தூங்கிவிட்டார். தட்டு வந்ததும் எழுந்துகொண்டார்.

"கல்கண்ட விட்டுட்டீகளே, அண்ணாச்சி."

"எங்களில் கல்கண்டு கிடையாது."

"சரி, அது போட்டும். நீங்க இப்பம் கோவத்துல போறீகளா, கொள்கையில போறீகளா?"

கொள்கை என்றேன். அவர் ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை ஜன்னலைப் பார்த்தாள்.

"அழைக்காத வீட்டுக்கா போறீக?" என்றார் மறுபடியும். மனிதருக்கு வேறு வேலை இல்லை.

அதையே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் ஏறினால் யோசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. விமானம் என்றால் யோசிப்பதற்குள் இறக்கிவிட்டிருப்பார்கள். டெல்லியில் இறங்கி மண்டபத்து வாசலில் பெட்டியோடு நிற்கும்போது, "வாங்க" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார்கள். அது எல்லோருக்கும் சொல்கிற வாங்க. அழைக்காமல் போய் மாலை போட்ட தாய்மாமன் என்று பேட்டை அத்தை ஆயுள் முழுக்கச் சொல்வாள். நாக்பூரோடு இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆவுடையிடம் சொன்னேன்.

"எறங்குங்க. நான் போயி மாலையப் போட்டுக்கிடுதேன்" என்றாள்.

பிப்ரவரி 6

பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்துகொண்டே வந்தது. ஆக்ராவில் நின்றபோது வெயிலே வந்துவிட்டது. டீ வாங்கலாம் என்று எழுந்தேன். நடைமேடையில் ஒரு சத்தம்.

"அண்ணே! எந்தப் பெட்டிண்ணே! அண்ணோவ்!"

வடநாட்டு நடைமேடையில் அப்படிக் கத்த என் தங்கையைத் தவிர ஆள் கிடையாது. பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. இரண்டு கையாலும் துணி மூடிய ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு, பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளை ஏற்றிவிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏட்டி, கல்யாண வீட்ட விட்டுட்டு இங்க என்ன செய்யுத?"

"மதினி வண்டி பேரு சொன்னாவ, விடியக்காலமே வந்து நிக்கேன். ஒன் வண்டி வந்தால்லா? ஏந்திரி, மதினியையும் கூப்புடு. கெழக்கப் பாத்து நில்லுங்க."

வண்டி வடக்கே போகிறது. கிழக்கு வலப்பக்கம். அங்கே ஓரப் படுக்கையில் ஒரு மராட்டியர் போர்த்திக்கொண்டு தூங்கினார். அவரை எழுப்பி, கையெடுத்துக் கும்பிட்டு, காலை மடக்கச் செய்து, அவர் ஜன்னலைப் பார்த்து நின்றோம். அவர் ஏதோ விபத்து என்று நினைத்துவிட்டார்.

உலகு துணியை எடுத்தாள். வெற்றிலை அடுக்கு நான் கதையில் சொன்ன மாதிரியே இருந்தது. பத்திரிகையில் நாலு மூலையும் மஞ்சள். தேங்காய்க் குடுமி என் பக்கம்.

"அண்ணே, மதினி, எம் மவ கல்யாணம். நீங்க முன்ன வந்து நின்னாத்தான் கல்யாணம். வந்து நடத்தித் தரணும்."

"வந்துக்கிட்டுதான ஏட்டி இருக்கோம்."

"அழைக்காம வந்தான்னு ஒருத்தி சொல்லிரக் கூடாது. டெல்லில எறங்குனப்பொறவு அழைச்சா அது அழைப்பா? அதான் ஊருக்கு வெளிய வந்து பிடிச்சேன்."

தட்டை வாங்கினேன். தேங்காய் உருண்டுவிடாமல் மார்போடு பிடித்துக்கொண்டேன். வண்டி அப்போதுதான் புறப்பட்டிருந்தது. ஆவுடை வெளிப்படையாக அழுதாள். மராட்டியர் எழுந்து நின்று அவரும் கும்பிட்டார். அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தோம்.

பிறகு உலகு என் பக்கத்தில் உட்கார்ந்து, சால்வையை என் மேலும் போர்த்தினாள்.

"பிளேன் இருக்கப்போயித்தானண்ணே, ஒரே நாள்ல வந்துட்டுப் போயிரலாம்னு இவுக கணக்குப் போட்டாவ. ரயில்ல வந்திருந்தா ஒரு வாரம் ஒன் வீட்லதான கெடந்திருப்போம். மொதப் பத்திரிகை ஒனக்குத்தான வந்திருக்கும். பிளேன் ஏறப் போறப்போ நான் கார்லயே அழுதேன், தெரியுமா?"

தெரியாது. எனக்குக் கட்டைவிரல்தான் வந்தது.

அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். வேகமாகப் போக முடியும் என்பதாலேயே போன இடத்தில் இருக்க நேரம் இல்லாமல் போய்விடுகிறது. இருபத்தாறு வருடத்தில் இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. மன்றத்தில் சொல்ல வேண்டும். என் கருத்தாகவே சொல்லலாம்.

சிதம்பரநாதன் ஆக்ராவுக்கு வரவில்லை. இதைத் தனியாகக் குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. மாலை போட்டேன். மணமேடைக்குப் போகும்போது தர்ஷினி காதருகே, "மாமா, கைய விட்டுராதீங்க, ஹீல்ஸ் தடுக்குது" என்றாள். விடவில்லை.

பந்தியில் சிதம்பரநாதன் தன் நிறுவனத்து ஆட்களிடம் என்னைக் காட்டி, "எங்க மச்சான். பிளைட்ல ஏறமாட்டாரு. கொள்கை" என்று சிரித்தார். அவர்களில் தமிழ்க்காரர் ஒருவர், "கடைசியா எப்ப சார் ஏறுனீங்க?" என்று கேட்டார்.

தலை அரிக்கவில்லை. "இதுவரைக்கும் ஏறினதே இல்ல" என்றேன்.

அவர்களுக்கு அது பெரிய விரதமாகத் தெரிந்திருக்கிறது. ஒருவர் கைகுலுக்கினார். ஒரு பெண் படம் எடுத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"இதுல பெருமை ஒண்ணுமில்ல. எங்க தெருவுல முக்காவாசிப் பேரு ஏறினதில்ல. தண்ணி மட்டும் எல்லார் வீட்டுக்கும் வந்தது."

ஒருவர் இலையைப் பார்த்தார். பாயசம் வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் வரைபடம், அட்டவணை எதுவும் இல்லாமல் நான் பேசிய முதல் பாடம் அது. ஜெபக்கனி இருந்திருக்க வேண்டும். வேலாயுதம் இருந்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 9

சிதம்பரநாதன் காலையில் காபியோடு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மச்சான், திரும்பிப் போக பிளைட் போட்டிருதேன். ஒருத்தருக்கும் தெரியாது. சன்னல் சீட்டு" என்றார்.

உடனே மறுத்தேன் என்று எழுதலாம். காபி ஆடை கட்டும்வரை யோசித்தேன். மேகத்தின் மேல்புறம் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். கல்விக்காக என்று ஒரு நியாயம் கிடைத்தது. ஒரே ஒரு தடவை என்று இன்னொன்றும் கிடைத்தது. லண்டன் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று மூன்றாவது நியாயம் தயாராகிக்கொண்டிருந்தது.

அதற்குள் உலகு உள்ளேயிருந்து, "ரயில்லயே மூணு டிக்கெட்டாப் போடுங்க. நானும் அண்ணங்கூடப் போறேன். மவளும் போயிட்டா, வீடு வெறிச்சுன்னு கெடக்கு. ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்" என்றாள்.

"அப்பம் எனக்குச் சாப்பாடு?" என்றார் சிதம்பரநாதன்.

"போன்ல அமுக்குனா வரும்லா. டிக்கெட்டு போடுத மாதிரி."

சிதம்பரநாதன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நானும் அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வந்திருக்கணும் மச்சான்" என்றார். வாயால் சொன்னார். அப்படியே எழுதிவைக்கிறேன்.

மேகத்தை மாணவி புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 12

ரயில். என் கீழ்ப் படுக்கையை உலகு எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலியாம். மேலே ஏறிக்கொண்டேன். சின்ன வயதிலும் இப்படித்தான் செய்வாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மன்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஜெபக்கனி, "மூணாவது கதைய எழுதிக் குடுங்க சார். தொடக்கம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். முடிவு என்ன ஆச்சுன்னு அத்தனை பேரும் கேக்காங்க. மன்றத்து வலைப்பக்கத்துல போட்டுருவோம்" என்றார். முதல் கதை எது, இரண்டாவது எது என்று கேட்டேன். இரண்டும் வேலாயுதத்துடையது என்றார்.

எழுதுவதற்கு உட்கார்ந்தேன். கடல் மட்டத்திலிருந்து தொடங்கிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. கடைசியில் இந்தக் குறிப்புகளையே வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. விமானத்தைக் குறை என்று எந்த இடத்திலும் இதில் சொல்லவில்லை. யாருக்கு நேரம் மிச்சமானது, யார் வீட்டு வாசலில் யார் காத்திருந்தார்கள், யார் வீட்டில் தண்ணீர் வந்தது என்பது இருக்கிறது. படிக்கிறவர்கள் கூட்டிக்கொள்வார்கள். கூட்டத் தெரியாதவர்களுக்கு வரைபடம் போட்டும் பயனில்லை. இதை நான் இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கித் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் பெயர் எதையும் மாற்றவில்லை. உண்மை அவசியம். வேலாயுதம் வேலாயுதமாகவே இருக்கட்டும்.

என் பெயர்தான் யோசனையாக இருக்கிறது. உலகு இப்போது அடுக்களையில் ஆவுடையோடு புளிக்குழம்புக்கு எவ்வளவு மிளகாய் என்று வாதாடிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாரம் என்று வந்தவள், அதற்கு மேலும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறாளாம். பெயர் போட்டால் படித்துவிட்டு இங்கே வந்து நிற்பாள். "அண்ணே, அன்னைக்கு நாங்க வரலன்னு ஒனக்கு அவ்வளவு வருத்தமாவா இருந்துச்சி?" என்று கேட்பாள். முகத்துக்கு நேரே கேட்டால் காலநிலை என்று சொல்ல முடியாது.

பெயர் போடாமலே பதிவேற்றுகிறேன். யாரோ ஒரு தாய்மாமன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.